மூட்டு நோயாளரும் தடுப்பூசியும்

தடுப்பூசி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது குழந்தைகளே. புதன்கிழமைகளில் கிராம சுகாதார செவிலியர் அமர்ந்திருக்கும் இடத்தில் தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் காத்திருக்கும் காட்சி யாவரும் அறிந்ததே. அங்கே ஐம்பது வயது விவசாயி ஒருவர் சென்று தமக்கும் ஊசி போடுமாறு கேட்பாரானால், அதனைக் கேலியாக எண்ணிச் சிரிப்போரும் இருக்கக்கூடும். ஆனால் வயது வந்தோரிலும் ஒரு சாராருக்குத் தடுப்பூசி குழந்தைகளுக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமாகும். மூட்டுகளையும் தசைகளையும் சில வேளைகளில் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பற்றும் வாத நோய்களுக்காக நெடுநாள் மருந்து உண்டு வருபவர்களே அந்தச் சாரார். அவர்கள் எண்ணிக்கையில் சிலரே எனினும், அவர்கள் இல்லாத ஊர் இல்லை.

இங்கு நாம் குறிப்பிடும் நோய் முதுமையில் முழங்கால் தேய்ந்து வலிப்பது அன்று. நம் கிராமங்களில் சரவாங்கி என்று வழங்கும் முடக்குவாதமும் அதன் இனத்தைச் சேர்ந்தவையுமே ஆகும். முடக்குவாதம் கண்டவருக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே கை வசப்படும். மணிக்கட்டும் விரற்கணுக்களும் வீங்கும். நாற்று நடவும் களை பறிக்கவும் பால் கறக்கவும் இயலாது போகும். நோயாளிகளில் ஆண் ஒருவர் எனில் பெண்கள் இருவர் மூவர் இருப்பர். லூபஸ் என்னும் நோய் பெரும்பாலும் இளம் பெண்களைப் பற்றுவது. கன்னங்களில் தடிப்பும் உடலெங்கும் அசதியும் தோன்றி, சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். முதுகெலும்பு இறுகி வளைந்து போகும் மற்றொரு நோய் இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்களைத் தேடி வருகிறது.

டெல்லிக்கு அருகேயுள்ள கிராமங்களில் நடத்தப்பெற்று 1993-ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, வயது வந்தோரில் 0.75 சதவிகிதம் பேருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. வேறு சில கணக்குகள் இதனினும் சற்றுக் குறைவாகக் காட்டியதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், 3,000 வயது வந்தோர் வாழும் பஞ்சாயத்து ஒன்றில் இந்நோய் ஒன்றினால் மட்டும் பதினைந்து அல்லது இருபது பேர் அவதியுறுகின்றனர் என்று கொள்வதில் தவறில்லை.

வேலியே பயிரை மேய்தல்

மனித உடலில் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் ஒரு காவல் அமைப்பு உண்டு. வயலைச் சுற்றியுள்ள வேலியைப் போல் அது உடலைக் காக்கின்றது. மேற்கூறிய நோய்களில் அந்த வேலியே பயிரை மேயத் தொடங்கிவிடுகிறது; அதாவது, கிருமியைத் தாக்க வேண்டிய அமைப்பு தன் உடலின் மூட்டுகளையும் உறுப்புகளையும் அயலான் என்று கருதித் தாக்குகிறது. இது தொற்று நோய் அன்று. ஒரே தட்டில் உண்பதால் ஒட்டுவதில்லை. செய்த பாவத்தின் பலனும் அன்று.

இந்நோய்களுக்கு நல்ல மருந்துகள் இன்று உள்ளன. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் 1948-ஆம் ஆண்டு ஃபிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், படுத்த படுக்கையாயிருந்த முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தைச் செலுத்தினார். சில நாட்களில் நோயாளி எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950-இல், அவர் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஸ்டீராய்டு என்று இப்பொழுது யாவரும் கூறும் மருந்துகள் அவ்வழி வந்தவை. இன்று முடக்குவாத சிகிச்சையின் அச்சாணியாக விளங்கும் மீத்தோடிரெக்சேட் என்னும் மருந்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை வகித்த ஆராய்ச்சிக் குழுவே 1940-களின் பிற்பகுதியில் அதனை உருவாக்கியது. முதலில் புற்றுநோய்க்கென வந்த அம்மருந்து, பின்னர் மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுக்கப்பெற்று மூட்டு நோயைத் தணிக்கும் மருந்தாயிற்று. வாரம் ஒரு முறை என்பதை இங்கு அழுத்திக் கூற விரும்புகிறோம். நாள்தோறும் உண்ண வேண்டும் என்று தவறாக எண்ணி உண்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

இம்மருந்துகள் யாவும் செய்வது ஒன்றே: பயிரை மேயும் வேலியை வெட்டிக் குட்டையாக்குகின்றன. மேய்ச்சல் நிற்கிறது, மூட்டு பிழைக்கிறது. ஆனால் வேலி குட்டையானால் தெருவில் திரியும் மாடு உள்ளே தாவுவது எளிதாகிவிடுமன்றோ? நோயும் காவலைக் குலைக்கிறது. மருந்தும் காவலைக் குறைக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் முடக்குவாத நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையான தொற்றுகள் மற்றவர்களைவிட இவர்களுக்கு 1.8 மடங்கு அதிகமாக வந்தன. மூட்டு வலி ஒருவரை முடக்கும். ஆயினும் உயிரைப் பறிப்பது பல சமயங்களில் நிமோனியாக் காய்ச்சலே. தடுப்பூசியின் அவசியம் இங்குதான் எழுகிறது.

அவித்த நெல்லும் விதை நெல்லும்

தடுப்பூசிகள் இரு வகைப்படும். இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதல் வகையில் கிருமி முற்றும் கொல்லப்பட்டிருக்கும். அல்லது கிருமியின் ஒரு சிறு கூறு மட்டுமே இருக்கும். இது அவித்த நெல்லைப் போன்றது. பார்வைக்கு நெல்தான், ஆனால் எந்த நிலத்தில் விதைத்தாலும் முளைக்காது. உடலின் காவல் அமைப்பு அதனைக் கண்டு, பகைவனின் முகத்தை அடையாளம் தெரிந்துகொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் நேராது. இன்ஃபுளுயன்சா ஊசி, நிமோனியா ஊசி, இரண ஜன்னி ஊசி, வெறிநாய்க்கடி ஊசி, மஞ்சட்காமாலை பி ஊசி ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. மூட்டு நோய்க்கு மருந்து உண்பவர்கள் இவற்றைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் வகையில் கிருமி உயிருடன் இருக்கும், ஆனால் வலுவிழந்திருக்கும். இது சோடை போன விதை நெல்லைப் போன்றது. நல்ல காவல் உள்ள உடலில் அது தலையெடுக்காது. காவல் குன்றிய உடலில் முளைத்துவிடக்கூடும். காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை ஊசி, சின்னம்மை ஊசி, வாய்வழி போலியோ சொட்டு மருந்து, ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோருக்குப் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் தெளிக்கும் இன்ஃபுளுயன்சா மருந்து ஆகியவை இவ்வகை. காவலைக் குறைக்கும் மருந்தினை உண்பவர்கள் சிறப்பு மருத்துவரைக் கேளாமல் இவற்றை ஏற்கலாகாது.

இது வெறும் ஏட்டு விஷயம் அன்று. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பல மாநிலங்களில் வயது வந்தோருக்குப் பி.சி.ஜி. ஊசி போடும் இயக்கம் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நடைபெற்றது. முதியோர், நீரிழிவு நோயாளர் முதலியோருக்கு அது நன்மை தரும் என்ற நோக்கத்தில் நடத்தப்பெற்றதே. ஆனால் ஸ்டீராய்டும் மீத்தோடிரெக்சேட்டும் உண்ணும் அறுபது வயது மூதாட்டி வரிசையில் நின்றால், அவரை விலக்கி நிறுத்த வேண்டும். விலக்கி நிறுத்துவதற்கு அவர் என்ன மருந்து உண்கிறார் என்பது செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போடுமுன் கேட்கும் கேள்விகளுக்கு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் கூறி நகரும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. அந்த ஓர் இடத்தில் அவ்வழக்கம் ஆபத்தானது.

இரண்டு அச்சங்கள்

"ஏற்கெனவே உடம்பு தன்னைத்தானே தாக்குகிறது, ஊசி போட்டால் அது இன்னும் கிளர்ந்தெழாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. மருத்துவ அறிஞர்களும் இதே ஐயத்துடன்தான் ஆராய்ந்தனர். அவித்த நெல் வகைத் தடுப்பூசிகளால் மூட்டு நோய் பொதுவாக அதிகரிப்பதில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஓரிரு நாட்கள் கை வலி, உடல் நோவு, இலேசான காய்ச்சல் ஆகியவை உண்டாகலாம். அவை தாமே அடங்கும். நோய் அடங்கியிருக்கும் வேளையில் ஊசி போட்டுக்கொள்வது சிறந்தது. ஆயினும் நோய் முற்றும் அடங்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. 2022-ஆம் ஆண்டின் அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்க வழிகாட்டுதல், உயிரற்ற தடுப்பூசிகளை நோயின் கடுமை எவ்வாறிருப்பினும் போடலாம் என்றே கூறுகிறது.

மற்றோர் அச்சம் இதற்கு நேர்மாறானது. மருந்து உண்பவர்களுக்கு ஊசி வேலை செய்யாது, போடுவது வீண் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. காவல் குறைந்த உடல், பாடத்தை முழுமையாகக் கற்பதில்லை. ஆனால் அரைகுறைப் பாதுகாப்பும் பாதுகாப்பே. கம்மாயில் முக்கால் பங்கு நீர்தான் நிற்கும் என்று கரையை வெட்டிவிடுவோர் உண்டோ? எவ்வாறு அந்தப் பாதுகாப்பைக் கூட்டலாம் என்பதற்கும் வழிகள் கண்டுள்ளனர். அவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

எந்தெந்த ஊசிகள்

முதலாவது, இன்ஃபுளுயன்சா. இக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி ஆண்டுதோறும் வேடம் மாற்றுவது. ஆகவே ஊசியும் ஆண்டுதோறும் போட வேண்டியது. வட இந்தியாவின் பல நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இக்காய்ச்சல் உச்சம் பெறுகிறது. சென்னை, வேலூர் பகுதிகளில் வடகிழக்குப் பருவ மழையுடன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பரவுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்டபின் உடல் தயாராவதற்கு இரண்டு வாரங்கள் ஆகும். எனவே நம் பகுதியில் செப்டம்பர் மாதமே ஏற்ற காலம். மழை தொடங்கி, வீட்டில் இருவர் இருமத் தொடங்கிய பின் ஓடுவது, வெள்ளம் வந்த பின் கரை போடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி. இதில் 13 வகைக் கிருமிகளுக்கான ஊசியை முதலிலும், எட்டு வாரங்களேனும் கழித்து 23 வகைகளுக்கான ஊசியைப் பின்னரும் போடுவது இதுகாறும் வழங்கிவரும் முறை. 20 வகைகளுக்கான ஒரே ஊசியும் உலகில் வந்துவிட்டது. எது கிடைக்கும், எது பொருந்தும் என்பதை மருத்துவர் கூறுவார்.

அடுத்து இரண ஜன்னியும் நாய்க்கடியும். பட்டணவாசிகளைவிட நமக்கே இவை அதிகம் உரியன. மண்வெட்டி காலில் படுவதும் கருவேல முள் குத்துவதும் மாட்டுக் கொட்டிலில் துரு ஆணி ஏறுவதும் விவசாயி வாழ்க்கையில் அன்றாட நிகழ்ச்சிகள். பெண்கள் கர்ப்ப காலத்திலேனும் இரண ஜன்னி ஊசி பெற்றிருப்பர். நடுவயது கடந்த ஆண்களில் பலர், குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் கிராமங்களை எட்டுமுன் பிறந்தவர்கள். முறையான தொடர் ஊசிகள் பெறாதவர்கள். காயம் படும்போதெல்லாம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, அதன் கணக்கை மறந்துவிடும் வழக்கமே உள்ளது. தொடரை ஒரு முறை முடித்து, அதன் பின்னர் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை போட்டால் போதும். இப்போது இதனுடன் தொண்டை அடைப்பானுக்கும் சேர்ந்த டி.டி. ஊசியே போடப்படுகிறது. ரிட்டுக்சிமாப் என்னும் கடுமையான மருந்தை அண்மையில் ஏற்றிக்கொண்டவருக்கு மண்ணும் சாணமும் பட்ட ஆழ்ந்த காயம் ஏற்படுமானால், ஊசி மட்டும் போதாது. ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். அந்த மருந்து பெற்றதை அவர் வாய்விட்டுச் சொன்னாலன்றி மருத்துவர் அறிய வழியில்லை.

நாய்க்கடி விஷயத்தில் ஐயத்திற்கே இடமில்லை. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே எந்த நோய்க்கு எந்த மருந்து உண்பவராயினும், கர்ப்பிணியாயினும், வெறிநாய்க்கடி ஊசி விலக்கப்பட்டதன்று. கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைத்தல் கூடாது. பிறகு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். காவல் குன்றியவர்களுக்கு ஒரு தனி விதி உண்டு. மற்றவர்களுக்கு இரத்தம் வராத சிறு கீறல் என்றால் ஊசித் தொடர் மட்டும் போதும். இவர்களுக்கோ அத்தகைய சிறு கீறலுக்கும் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் செலுத்துவதும் சேர்ந்தே நடைபெற வேண்டும் என்று நமது தேசிய நெறிமுறைகள் கூறுகின்றன. தொடரின் ஒரு தவணையையும் விட்டுவிடலாகாது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பீதி இன்னும் சில ஊர்களில் நிலவுகிறது. அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004-இன் இறுதியோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இன்று கையில் போடும் நான்கைந்து தவணைகளே.

அக்கியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். சிறு வயதில் சின்னம்மை கண்டவர் உடலில் அதன் கிருமி அழிவதில்லை. நரம்பு வேர்களில் உறங்குகிறது. காவல் குறையும்போது விழித்து, உடலின் ஒரு பக்கமாக, கச்சை கட்டினாற்போலக் கொப்புளங்களாக எழும்புகிறது. எரிச்சலும் குத்தலும் பொறுக்க முடியாதவை. கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு வலி தொடர்வதுண்டு. கண்ணருகே வந்தால் பார்வைக்கே கேடு. அக்கி கண்டவர்களைக் குயவரிடம் அழைத்துச் சென்று காவி மண்ணால் எழுதுவித்தல் நம் நாட்டு வழக்கம். அதனைப் பழிக்க நாம் விரும்பவில்லை. குளிர்ந்த மண் சிறிது இதம் தரக்கூடும். ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் பெரும் பலன் உண்டு. எழுதிக்கொண்டு காத்திருப்பதில் கழிவது அந்த மூன்று நாட்களே.

அக்கியைத் தடுக்க இப்பொழுது உயிரற்ற வகை ஊசி வந்துள்ளது. 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணைகள். பொதுவாக இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போடுவது. காவல் குன்றியவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மாத இடைவெளியே போதும். டோஃபாசிட்டினிப் போன்ற புதிய மாத்திரைகளை உண்பவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி என்பதால், அவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். விலை பெரிது, இரு தவணைக்கும் பல்லாயிரம் ரூபாய் ஆகும். இன்ஃபுளுயன்சா, நிமோனியா, அக்கி ஆகிய மூன்றும் வயது வந்தோருக்குத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேரவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டியிருக்கிறது. நாய்க்கடி ஊசியும் இரண ஜன்னி ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவை. கைப்பணம் குறைவாயிருப்பின் எதை முதலில் போடுவது என்று கேட்பவர்களுக்கு, ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சாவும் அதனை அடுத்து நிமோனியாவும் என்பதே நமது கருத்து.

மஞ்சட்காமாலை பி கிருமியைப் பொறுத்தவரை ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை வேண்டும். சிலர் உடலில் அக்கிருமி சத்தமின்றிக் குடியிருக்கும். காவலைக் கடுமையாகக் குறைக்கும் மருந்து தொடங்கினால் அது பொங்கியெழுந்து கல்லீரலை அழித்துவிடக்கூடும். இல்லை என்று தெரிந்தால், ஆபத்து வாய்ப்புள்ளவர்களுக்கு மூன்று தவணை ஊசி. கோவிட் ஊசியும் உயிரற்றதே. லூபஸ் கண்ட இளம் பெண்கள், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசியைப் பற்றியும் கேட்டறிதல் நலம்.

மருந்தும் ஊசியும் ஒத்துப்போகும் காலம்

கடுமையான மருந்துகளைத் தொடங்கும் முன்பே ஊசிகளை முடித்துக்கொள்வது மிகச் சிறந்தது. உழவு முடிந்தபின் விதைப்பதுபோல், எல்லாவற்றிற்கும் ஒரு வரிசை உண்டு. ஆனால் மூட்டு அழிந்துகொண்டிருக்கும்போது ஊசிக்காக மருந்தைத் தள்ளிப்போடுவது முறையன்று. அப்பொழுது மருந்தே முதன்மையானது.

மீத்தோடிரெக்சேட் உண்பவர்களைப் பற்றிக் கொரியா நாட்டில் ஓர் அழகிய ஆராய்ச்சி செய்தனர். இன்ஃபுளுயன்சா ஊசி போட்டுக்கொண்ட 316 முடக்குவாத நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மாத்திரையை விடாமல் உண்டனர். மற்றவர் ஊசிக்குப் பின் இரண்டு வாரம், அதாவது இரண்டு தவணை மட்டும், நிறுத்தினர். 2018-இல் வெளியான முடிவின்படி, விடாமல் உண்டவர்களில் 54.5 சதவிகிதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 75.5 சதவிகிதம் பேருக்கும் நல்ல எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்று. இவ்வளவு எளிய ஏற்பாட்டினால் ஐந்தில் ஒருவருக்குக் கூடுதல் காப்பு! நோய் அடங்கியிருக்குமானால் மருத்துவர் இந்த இரண்டு வார இடைவெளியை அனுமதிப்பார். நோய் கொதித்துக்கொண்டிருந்தால் அனுமதிக்கமாட்டார். முடிவு அவருடையதே.

ரிட்டுக்சிமாப், காவல் அமைப்பில் எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும் உயிரணுக்களையே துடைத்துவிடுவது. அது ஏற்றிய சில மாதங்கள் வரை ஊசிக்கு உடல் செவி சாய்ப்பதில்லை. ஆகவே அடுத்த தவணை நெருங்கும் வேளையில், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பாக ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஃபுளுயன்சா ஊசிக்கு மட்டும் இவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. பருவம் தவறினால் பயனின்றிப் போகும்.

ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாயின் உயிரற்ற ஊசிகளைத் தயங்காமல் போடலாம். அதற்கு மேற்பட்டால், இன்ஃபுளுயன்சா தவிர மற்றவற்றை அளவு குறையும் வரை தள்ளிவைப்பது வழக்கம். ஆனால் ஊசிக்காக ஸ்டீராய்டை எவரும் தாமாக நிறுத்தக்கூடாது. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் மூட்டுவலிச் சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. உண்டவுடன் வலி பறந்துவிடுவதன் இரகசியம் அதுவே. அதனை உண்பவர், தாம் ஸ்டீராய்டு உண்பதை அறியார். கேட்டால், "இங்கிலீஷ் மருந்தே தொடுவதில்லை" என்பார். பொட்டலத்தையே கையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

நோயாளிக்கு ஊசி முழுப் பலன் தராவிடினும், அவரைச் சுற்றியுள்ளவர்கள் நோய் கொண்டுவராமல் இருந்தால் அவருக்கு அதுவே ஒரு வேலி. மகனும் மருமகளும் ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா ஊசி போட்டுக்கொள்வது இவ்வகையில் உதவும். பேரக் குழந்தைகளின் ஊசியை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. ஆனால் குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுக்கும் போலியோ, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகளின் கிருமி சில வாரங்கள் வரை மலத்தில் வெளியேறும். நம் வீடுகளில் குழந்தைக்குக் கால் கழுவிவிடுவதும் துணி அலசுவதும் பாட்டியின் பணி. பாட்டி இம்மருந்துகளை உண்பவராயின் சொட்டு மருந்து கொடுத்த நான்கு வாரங்கள் வரையேனும் அப்பணியை வேறொருவர் ஏற்க வேண்டும். அல்லது ஒவ்வொரு முறையும் சோப்பினால் கை கழுவ வேண்டும்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் உயிரியல் மருந்து எனப்படும் விலையுயர்ந்த ஊசி மருந்துகளைப் பெற்ற தாய், பிரசவத்தின்போதே அதனைத் தெரிவிக்க வேண்டும். அம்மருந்து குழந்தையின் உடலுக்கும் சென்றிருக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. உயிருள்ள வகையாதலால், அத்தகைய குழந்தைக்கு அதை ஆறு மாதம் வரை தள்ளிவைப்பது வழக்கம். பிரசவ அறையின் பரபரப்பில் தாய் வாய் திறவாவிடில் ஊசி போடப்பட்டுவிடும்.

வாய் திறவாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. மணமாகாத பெண்ணுக்கு முடக்குவாதமோ லூபஸோ என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பெற்றோர் அதனை மறைக்கின்றனர். மணமான பின் பெண் தானே மறைக்கிறாள்; மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள்; சில வேளை நிறுத்தியும் விடுகிறாள். நோய் பற்றிய வெட்கம் நீங்கும் வரை எந்த வழிகாட்டுதலும் அவளை எட்டாது. பஞ்சாயத்தின் பெண் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது மிகுதி; ஆண்கள் செய்யக்கூடியது குறைவு என்றே எண்ணுகிறோம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

பஞ்சாயத்து மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகளின் பதிவேடு இருப்பதுபோல, காவலைக் குறைக்கும் மருந்து உண்போரின் குறிப்பு ஒன்றும் இருக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு நோயாளியும் தாம் உண்ணும் மருந்தின் பெயர், அளவு, போட்ட ஊசிகளின் தேதி ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, குடும்ப அட்டையுடன் வைத்துக்கொள்ளச் செய்யலாம். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் போதும். நாய்க்கடிக்கு நள்ளிரவில் ஓடும்போது அந்த அட்டைதான் பேசும்.

மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனைக்கு மாதந்தோறும் மருந்து வாங்கச் செல்லும் நோயாளிகள் ஒரே ஊரில் மூன்று நான்கு பேர் இருப்பர், ஒருவரையொருவர் அறியார். சேர்ந்து சென்றால் பயணச் செலவும் குறையும். ஆண்டிற்கு ஒரு முறை தடுப்பூசிக் கணக்கைச் சரிபார்க்குமாறு அங்குள்ள மருத்துவரைக் கேட்க ஒருவர் மறந்தாலும் மற்றவர் நினைவூட்டுவார். இன்ஃபுளுயன்சா ஊசியைப் பலர் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். ஆனால் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டியது. கடையில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்து இரண்டு மணி நேரம் பேருந்தில் கொண்டுவந்தால் வீண். குளிர்பெட்டி உள்ள இடத்திலேயே போட்டுக்கொள்வது உத்தமம்.

செப்டம்பரில் ஊசி போடவேண்டுமாயின், ஆகஸ்டு 15-ஆம் தேதி கூடும் கிராம சபையில் இதனை அறிவிப்பது பொருத்தமான காலம். அக்டோபர் 2-ஆம் தேதிச் சபை வரை தள்ளினால் மழை முந்திக்கொள்ளும். அறிவிக்கும்போது ஊசியைப் பற்றியும், யார் யாருக்கு உரியது என்பதைப் பற்றியும் கூறினால் போதும். நோயாளர்களின் பெயர்களைச் சபையில் வாசிக்கக் கூடாது. விவரம் வேண்டுவோர் செவிலியரைத் தனியே கண்டு பேசிக்கொள்வர்.